போர்டிகோவில் ஆள் இல்லாத படம்

கட்டடத்தைப் படம் எடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். பொதுச் சாலையில் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரிகிற எந்தக் கட்டடத்தையும் எடுக்கலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாவது பிரிவில் இதற்கென்றே ஓர் உட்பிரிவு இருக்கிறது. ராணுவ இடம், தடை அறிவித்த இடம் என்றால் கதை வேறு. அங்கெல்லாம் நான் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. மற்றபடி வீடோ, கடையோ, கோயிலோ, சாலையில் நிற்கிறவருக்கு அதைப் பார்க்க எவ்வளவு உரிமை உண்டோ, படம் எடுக்கவும் அவ்வளவு உண்டு. இதை ஹைதராபாத்தில் காவலாளிகளிடமும் மேனேஜர்களிடமும் அசோசியேஷன் தலைவர்களிடமும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, லேமினேட் செய்து, கேமராப் பையிலேயே வைத்திருக்கிறேன். இதுவரை ஒருத்தர்கூட அதை முழுதாகப் படித்ததில்லை. வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

ஆர்க்கிடெக்ட்டுகளுக்கும் கட்டடப் பத்திரிகைகளுக்கும் கட்டடங்களை எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணம் எடுக்கிறவருக்குப் பந்தியில் இலை போடுவார்கள். கட்டடம் எடுக்கிறவளுக்கு விசாரணைதான் கிடைக்கும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் ஆள் இருக்கக் கூடாது. வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனை எழுப்பி நகர்த்துவோம், கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்வோம், ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளுவோம். தூண் நேராக நிற்க வேண்டும், நிழல் சரியாக விழ வேண்டும், மனித வாடையே இருக்கக் கூடாது. அப்போதுதான் கட்டடம் கட்டடமாகத் தெரியும் என்பது எங்கள் கட்சி. நான் அந்தக் கட்சியின் மூத்த உறுப்பினர்.

சைனிக்புரியில் ஒரு புது வீட்டை எடுக்கப் போனேன். வீட்டுக்காரரே கூப்பிட்டு, காபி கொடுத்து, எடுங்கள் என்று சொன்ன வீடு. தெருவில் நின்று எடுத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ரிட்டயர்ட் கர்னல் நாயோடு வந்தார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். வீடு யாருடையது என்று நான் கேட்கவில்லை, உன்னை யார் அனுப்பினார்கள் என்று கேட்கிறேன் என்றார். லேமினேஷனை நீட்டினேன். நாய் அதை முகர்ந்து பார்த்தது. கடைசியில் அவர் தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து என்னைப் படம் எடுத்துக்கொண்டார், பாதுகாப்புக்காம். செங்கல்லை எடுக்க நான் ஊரையெல்லாம் கேட்க வேண்டும், என் முகத்தை எடுக்க அவர் யாரையும் கேட்க வேண்டாம். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதையே சொல்லிப் புலம்பினேன்.

சனத்நகர் கதை அதைவிட மோசம். அங்கே ஒரு பழைய இன்ஜினியரிங் தொழிற்சாலையில்தான் என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்தார். அதன் கூரை ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும், காலை வெயிலில் பார்க்க அவ்வளவு அழகு. கேட்டுக்கு வெளியே நின்று எடுக்கப் போனால், கேட் காவலாளிக்கு என்னை நன்றாகத் தெரிந்தது. நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். இவருடைய முழங்கால் வலியை விசாரித்தார். "நீங்க நம்ம சார் வீட்டம்மா, எவ்வளவு நேரம் வேணா உக்காருங்க. ஃபோட்டோ மட்டும் நக்கோ, வேணாம்," என்றார். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். வேறென்ன செய்ய?

இதெல்லாம் பிழைப்புக்காகப் பட்ட பாடு. போன வருஷம் பட்டது வேறு. என் சொந்தக் கோயிலை, நான் பிள்ளையிலிருந்து போய்வரும் கோயிலை, ஒரே ஒரு படம் எடுக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் அடங்கவில்லை.

சிகந்திராபாத்தில் இருக்கிறது எங்கள் கோயில். திருநெல்வேலியிலிருந்து பிரிட்டிஷ்காரன் காலத்தில் ரயில்வேக்கும் பட்டாளத்துக்கும் வேலைக்கு வந்தவர்கள் கட்டிக்கொண்ட தமிழ்க் கிறிஸ்தவச் சபை. பெரிய கோபுரமெல்லாம் கிடையாது. சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, முன்னால் தடித்த தூண்களோடு ஒரு போர்டிகோ. அந்தக் காலத்தில் குதிரை வண்டி உள்ளே வந்து நின்று ஆளை இறக்கிவிட்டுப் போகுமாம். இப்போது அங்கே சுவரோரமாக ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரம் முழுக்க அந்தப் பெஞ்சில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார்.

இவர் இந்து. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து எங்களைப் போலவே ரொம்பக் காலத்துக்கு முன்னால் சிகந்திராபாத் வந்த குடும்பம். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அப்போது இருந்த ஐயர், பையன் ஞானஸ்நானம் எடுத்தால் உள்ளே கல்யாணம் நடத்தலாம் என்றார். இவர் எடுக்கவில்லை. என்னையும் நீ உன் கோயிலை விடு என்று கேட்கவில்லை. ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "நீ போய்ட்டு வா, நான் இங்கியே உக்காந்துகினு இருக்கேன்," என்று பெஞ்சைக் காட்டினார். இன்றுவரை அதே பெஞ்சுதான். செய்தித்தாளோடு உட்காருவார், நான் வெளியே வந்ததும் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்திருப்பார். உள்ளேயும் இல்லை, வீட்டிலும் இல்லை. எங்கள் கல்யாண ஒப்பந்தமே அந்த போர்டிகோதான்.

எங்கள் சபையில் எல்லாரும் எல்லாருக்கும் அத்தை, சித்தப்பா, மச்சான், மதினி. ரத்தசம்பந்தம் இல்லாதவரையும் ஏதாவது ஒரு முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். இவரை மட்டும் எல்லாரும் "சார்" என்பார்கள். மரியாதையாகத்தான். டீ கொண்டுவந்து கொடுப்பார்கள், கிறிஸ்துமஸ் கேக் கொடுப்பார்கள். சார், நல்லாருக்கீங்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போவார்கள்.

போன வருஷம் ஒரு நாள் அந்த போர்டிகோவின் முன்தூணில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு குறி விழுந்தது. சாலையை அகலப்படுத்துகிறார்களாம். குறி போட்ட கட்டுமானமெல்லாம் சாலைக்குப் போகும் என்று நோட்டீஸ் வந்தது. அப்படியென்றால் போர்டிகோ முழுக்க. அது போனால் வாசற்கதவு நேராக நடைபாதையில் திறக்கும். இவர் உள்ளே வரமாட்டார். அந்த முழங்காலோடு வெயிலில் நிற்கவும் முடியாது. வீட்டிலேயே இருந்துவிடுவார், நான் ஹப்சிகுடா வீட்டிலிருந்து தனியாக ஆட்டோ பிடித்துப் போய் வர வேண்டியதுதான்.

இவரிடம் சொன்னேன். "இடிச்சா இடிச்சிக்கினு போறான். அதுக்கு நீ இன்னாத்துக்கு இப்படிக் கொதிக்கிற?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார். இந்த மனுஷனுக்காகத்தான் நான் கொதிக்கிறேன் என்பது இந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

சபைச் செயலர் போன் செய்தார். ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளை, இப்போது தலை நரைத்துக் கமிட்டியை ஆட்டிவைக்கிறார். "யக்கா, ஆட்சேபம் எழுதிக் குடுக்கணும். கூட முன்பக்கம் முழுசா தெரியிற மாதிரி ஒரு படம் வைக்கணுமாம். நம்மகிட்ட ஒன்னு கூட இல்லக்கா."

இல்லையா? இத்தனை வருஷக் கோயில், ஒரு படம் இல்லையா? அவர் சொன்னது உண்மைதான். சபையார் வீட்டு ஆல்பங்களையெல்லாம் வாங்கிப் புரட்டினேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பிள்ளைகளைச் சபையில் சேர்க்கும் ஒவ்வொரு திடப்படுத்தலுக்கும் எல்லாரும் போர்டிகோவுக்கு முன்னால் வரிசை வரிசையாக நின்று எடுத்திருக்கிறார்கள். குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால், அதற்கும் பின்னால் நாற்காலி மேல் ஏறி நிற்கிறவர்கள். ஒரு தூண்கூடத் தெரியவில்லை. பட்டுப்புடவைக்கும் கோட்டுக்கும் பின்னால் இருப்பது கோயிலா கல்யாண மண்டபமா என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். இத்தனை ஆல்பங்களில் எதிலும் என் வீட்டுக்காரர் இல்லை. படம் எடுக்கக் கூட்டம் சேர்ந்ததும் பெஞ்சிலிருந்து எழுந்து வேப்பமரத்துப் பக்கம் போய்விடுவார். யாரும் போகச் சொன்னதில்லை. வாங்க சார் என்று யாரும் கையைப் பிடித்து இழுத்ததும் இல்லை.

சரி, நானே எடுக்கிறேன் என்றேன். வாழ்நாள் முழுக்க ஊரான் கட்டடத்தை எடுத்தவள், என் கோயிலை எடுக்கமாட்டேனா?

முன்பக்கம் முழுதாகக் கிடைக்க வேண்டுமென்றால் சாலைக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். அங்கே ஒரு கண்ணாடி ஆபீஸ் கட்டடம் இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள நடைபாதை மாநகராட்சியுடையது, எல்லாருக்கும் பொது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், முன்வாசலில் மாட்டினால் ஆளாளுக்குக் கைகொடுத்து நேரம் போய்விடுமென்று, பாடகர் குழு போகிற பக்கவாசல் வழியாக வெளியே வந்தேன். சாலையைக் கடந்து ட்ரைபாடை விரித்தேன். கூட்டமெல்லாம் பின்பக்கம் டீக்குப் போய்விட்டது. வெளிச்சம் பார்க்க ஒன்று எடுத்தேன். நடுவில் இவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

போன் போட்டேன். "ஏங்க, கொஞ்சம் எழுந்து அந்தப் பக்கம் போங்க. படத்துல விழுறீங்க."

"எங்க இருக்க நீ?" என்றார். கையை ஆட்டிக் காட்டினேன். "நான் இன்னா பண்ணேன்? சும்மாதானே உக்காந்துகினு இருக்கேன்," என்று முனகிக்கொண்டே முழங்காலைப் பிடித்து எழுந்தார். அவர் எழுந்து நகர்வதற்குள் என் தோளுக்குப் பின்னால் ஒரு விசில் ஊதியது.

கண்ணாடி ஆபீஸ் காவலாளி. "மேடம், ஃபோட்டோ நக்கோ."

"கைக்கு?" என்று, ஏன் என்பதை அவர் பாஷையிலேயே கேட்டேன். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான்.

"ஆர்டர்."

உங்கள் கட்டடத்தை நான் எடுக்கவில்லை, என் முதுகுதான் உங்கள் கட்டடத்தைப் பார்க்கிறது, கேமரா அந்தப் பக்கம் கோயிலைப் பார்க்கிறது என்றேன். அவர் கேமராவின் முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். பின்பக்கம் வந்து பார்த்தார். "ஹவ், கோயில்தான்," என்று ஒத்துக்கொண்டார். "ஆனா கேமரா நிக்கிறது எங்க பில்டிங் முன்னாடி."

நடைபாதை அரசாங்கத்துடையது என்றேன். லேமினேஷனை எடுத்தேன். அவர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் சட்டத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு, இது டெல்லியில் போட்ட சட்டம், இங்கே ஆபீசில் வேறு விதி என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, எனக்குப் பக்கத்திலேயே கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அதே கண்ணாடி ஆபீசை நேருக்கு நேர் நின்று போனில் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் காட்டினேன். "அது மொபைல் மேடம். மொபைல் சலேகா, பரவால்ல," என்றார் காவலாளி. காலில்லாத போனால் ஆபத்தில்லை, மூன்று கால் உள்ள கேமராவால்தான் ஆபத்து. இதற்கு எந்தப் பிரிவில் பதில் இருக்கிறது? வெயில் ஏறித் தூண்களின் நிழல் செத்துப்போயிற்று. மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலையில், ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் போனேன். கண்ணாடிக் கட்டடத்தில் யாரும் இல்லை. ட்ரைபாடை வைத்து, மட்டம் பார்த்து, தூண்களை நேராக்கினேன். வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. இன்றைக்கு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது சாலையைக் கடந்து ஓடிவந்து என் கேமராவுக்கு முன்னால் கையை விரித்து நின்றார் ஒருவர். எங்கள் கோயில் வாட்ச்மேன்.

"நீயுமா?" என்றேன்.

அவர் பரிதாபமாகப் போர்டிகோவைக் கைகாட்டினார். அப்போதுதான் அந்தப் பலகையை ஒழுங்காகப் பார்த்தேன். சிவப்புக் குறி இருக்கும் அதே தூணில், குறிக்குச் சரியாக மேலே, மூன்று மொழியில், அனுமதியின்றிப் புகைப்படம் எடுக்கக் கூடாது என்று எழுதி ஆணி அடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள், கலர்ப் புகையும் பலூனுமாக வந்து வளாகத்தை நாசம் செய்கிறார்கள் என்று செயலர் மாட்டிய பலகை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைக் கடந்துதான் உள்ளே போகிறேன். கோயிலுக்குப் போகிறவள் பலகையையா படிப்பாள்?

"அம்மா, யாரா இருந்தாலும் விடாதேன்னு செக்ரெட்டரி சார் சொல்லியிருக்காரு," என்றார் வாட்ச்மேன், தெலுங்கில்.

செயலருக்குப் போன் போட்டேன். படம் எடுக்கச் சொன்னதே நீங்கள்தானே தம்பி என்றேன்.

"சொன்னேன்க்கா. ஆனா ரூல்னா எல்லாருக்கும் ஒன்னுதானே. ஒரு லெட்டர் குடுத்துருங்க, கமிட்டில வச்சு பாஸ் பண்ணிருவோம்."

"கமிட்டி எப்போ?"

"மாசக் கடைசியில."

"ஆட்சேபத்துக்குக் கடைசி நாள் இந்த வாரம்."

"அப்போ வாட்ச்மேன்கிட்ட குடுங்கக்கா," என்றார். வாட்ச்மேன் போனைக் காதில் வைத்து, தலையைத் தலையை ஆட்டி, கையை இறக்கினார். நான் நின்றது பொதுச் சாலை. அந்தப் பலகை வளாகத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு. கோயில் வாட்ச்மேன் சாலைக்கு வந்து என்னைத் தடுக்கச் சட்டத்தில் இடமே கிடையாது. இதையெல்லாம் சொல்லலாம் என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

படம் அருமையாக வந்தது. என் தொழிலில் அவ்வளவு சுத்தமான முன்பக்கம் நான் எடுத்ததில்லை. தூண்கள் நூல் பிடித்த மாதிரி. பெஞ்சு காலி. ஒரு காக்கை கூட இல்லை. பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, செயலரும் நானும் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனோம்.

அதிகாரி கெட்டவர் அல்ல. உட்காரச் சொன்னார், படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பாகுந்தி, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு குறி விழுந்த முன்தூணைப் பார்த்தார். பலகையை வாசித்தார். "புகைப்படம் எடுக்கக் கூடாதுன்னு உங்க பலகையே சொல்லுது. இந்தப் படத்துக்கு பர்மிஷன் உந்தா, இருக்கா?"

நான் செயலரைப் பார்த்தேன். செயலர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, இந்தப் படத்தை எடுக்க இன்னாருக்குச் சபை அனுமதி அளிக்கிறது என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாருக்கும் அனுமதி தேவையில்லாத ஒரு படத்துக்கு, அனுமதி கொடுக்க உரிமையில்லாத ஒருவர் கொடுத்த அனுமதி. என் பையில் லேமினேஷன் சும்மா கிடந்தது.

அதிகாரி அதை வாங்கிப் படத்தோடு வைத்துக் கிளிப் போட்டார். அதற்கப்புறம் சொன்னதுதான் என்னைச் சாய்த்தது. "மேடம், சர்வேயர் என்ன எழுதியிருக்கார்னா, இது பயன்பாட்டில் இல்லாத முன்நீட்சி. காலியா கிடக்குன்னு எழுதியிருக்கார். அவர் போனது ஒரு வேலை நாள். உங்க படமும் அதையேதானே சொல்லுது? ஒரு ஆள் கூட இல்லை. யாருக்கும் உபயோகம் இல்லாத இடம்னா நான் எதைச் சொல்லி குறியை மாத்துறது?"

ஞாயிற்றுக்கிழமை ஆள் இருப்பார்கள் என்றேன். காட்டுங்கள் என்றார். நாளை சாயங்காலம் கடைசி என்றார். நடுவில் ஞாயிற்றுக்கிழமை இல்லை.

வரும் வழியெல்லாம் கொதித்துக்கொண்டே வந்தேன். கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி. யாரையோ கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்து எடுக்கலாமா என்று அவர் கேட்டார். பொய் சாட்சிக்குப் படம் எடுக்கும் அளவுக்கு நான் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் பார்க்க எடுத்தது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் ஹப்சிகுடாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். செயலர் பக்கத்தில் தன் லேப்டாப்போடு உட்கார்ந்தார், ஆட்சேபத்தைத் திருத்தி எழுத. இவர் கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் மெமரி கார்டில் அப்படியே இருந்தது. தூண்கள் கொஞ்சம் சாய்ந்திருந்தன, மட்டம் பார்ப்பதற்கு முன் எடுத்தது. பெஞ்சில் இவர் சின்னதாகத் தெரிந்தார். பெரிதாக்கினேன்.

ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, வலிக்கும் காலை நீட்டி வைத்திருந்தார். செய்தித்தாள் மடியில் கிடந்தது. நான் வெளியே வரும்போதெல்லாம் அது அவர் முகத்துக்கு முன்னால் உயர்ந்திருக்கும், கண் அதிலிருந்து எழவே எழாது. அரசியல் பைத்தியம் என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன். இந்தப் படத்தில் அதைத் தொடக்கூட இல்லை. இடுப்பை முழுக்கத் திருப்பி, கழுத்தை நீட்டி, திறந்திருந்த கோயில் கதவுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் வெளியே வந்து டீக்குப் போய்விட்ட நேரம். உள்ளே யாரும் இல்லை. நான் பக்கவாசல் வழியாக வந்து சாலைக்கு அந்தப் பக்கம் நின்று, இவரைப் படத்திலிருந்து எப்படி அகற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இது போதும்க்கா," என்றார் செயலர்.

இவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். "இத யாரக் கேட்டு எடுத்த?"

"லைட் பார்க்க எடுத்தது."

"கவர்மென்ட்டுக்குக் குடுக்கப் போறியே, அத யாரக் கேட்டுக் குடுக்கிற? கட்டடத்துக்குத்தான் கேக்க வேணாம், ஆளுக்குக் கேக்கணும்னு நீதானே அந்தக் கர்னல வச்சி ஒரு வாரம் கத்திக்கினு இருந்த."

நியாயம்தான். இத்தனை நாளும், எனக்குத் தேவையில்லாத அனுமதிக்காக ஊரில் எத்தனையோ பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். தேவையான ஒரே அனுமதியை ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் ஆளிடம் கேட்கத் தோன்றவில்லை. "ஏங்க, இந்தப் படத்தைக் கொடுக்கலாமா?" என்று கேட்டேன். செயலருக்கு முன்னால் கேட்பதற்கு வெட்கமாகத்தான் இருந்தது.

இவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். "சொல்லியிருந்தா செருப்புப் போட்டுகினு இருந்திருப்பேன்," என்றார். பிறகு, "சரி, குடு," என்றார்.

செயலர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். நிறுத்தினார். "படத்துல இருக்கது யாருன்னு எழுதணுமேக்கா. சபை அங்கத்தினர்னு போட முடியாது. பார்வையாளர்னு போட்டா, முப்பது வருஷமா ஒருத்தர் பார்வையாளரான்னு கேப்பான்." தலையைச் சொறிந்தார். இவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களே சொல்லுங்க அத்தான், என்ன போடட்டும்?"

அத்தான் என்ற சொல் அவர் வாயில் எப்படி வந்தது என்று அவருக்கே தெரிந்ததா தெரியவில்லை.

"ஆள் யாருன்னு எதுக்கு? எடம் எதுக்குன்னுதானே அவன் கேக்கறான்," என்றார் இவர். "வெயிட்டிங்னு போடு."

செயலர் போட்டார். பிறகு அச்சுக்குக் கொடுப்பதற்காகத் தூண்களை நேராக்கலாமா என்று நான் கேட்டேன், பழக்கதோஷம். வேண்டாம்க்கா, இப்படியே இருக்கட்டும் என்றார் அவர். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார், முடிவு இன்னும் வரவில்லை. சிவப்புக் குறியும் தூணில் இருக்கிறது, பலகையும் இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி செயலரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும்போது, இவர் கூடத்திலிருந்து டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அடுத்த வாட்டி வெளிய வரதா இருந்தா முன்வாசல் வழியா வா. எல்லாரும் வந்துட்டாங்க, நீ மட்டும் வரல. நான் பாத்துக்கினே இருந்தேன்."